சக்கரம் தட்டுவோர் சங்கத்தின் ஒரே உறுப்பினர்

சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேருக்குப் பதவி இருந்தது. தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் மூவர், பொதுச் செயலாளர் ஒருவர், துணைச் செயலாளர்கள் இருவர், பொருளாளர் ஒருவர். மிச்சமிருந்த ஒருவன்தான் உறுப்பினர்.

அந்த உறுப்பினர் இடம் ஒன்றரை வருடம் காலியாகக் கிடந்தபோது சங்கம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பொதுச் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "உழைக்கும் உறுப்பினர்ப் பெருமக்களே" என்று ஆரம்பிப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் பதவியாளர்களில் ஒருவரும் அது தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளமாட்டார். பேச்சு முழுவதும் சுவரில் மோதித் திரும்பி வரும்.

அப்படி ஒரு வறட்சியில்தான் அவன் வேலைக்கு வந்து சேர்ந்தான். கல்யாணமான மறுவாரம் சேர்ந்ததால் எல்லோருக்கும் அவன் 'மாப்பிள்ளை' ஆகிவிட்டான். சுத்தியல் கொடுப்பதற்கு முன்பே கையில் சங்கப் படிவத்தைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் கூட்டத்துக்கு வந்தால் 'உறுப்பினர்கள் அலைகடலெனத் திரண்டனர்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டது. பல்வலி என்று அவன் வராமல் போன ஒருநாள், 'உறுப்பினர்களிடையே கடும் அதிருப்தி' என்று எழுதப்பட்டது.

வேலை என்னவோ எளிதுதான். ரயில் வந்து நின்றதும் நீளப்பிடி போட்ட சுத்தியலோடு ஓரமாக நடக்கவேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணிபோலப் பாடும். விரிசல் விட்ட சக்கரம் உடைந்த பானைபோல முனகும். எல்லாம் சரியாக இருந்தால் 'சக்கரம் நலம்' என்று ஒரு சீட்டெழுதி, ரயிலின் கடைசிப் பெட்டியில் வரும் கார்டு கையில் கொடுக்கவேண்டும். அந்தச் சீட்டு வராமல் கார்டு கொடி அசைக்கமாட்டார். மாப்பிள்ளைக்குக் காது கூர்மை. மூன்றே வாரத்தில் தொழில் படிந்துவிட்டது. படியாமல் போனது ஷிப்டு ஒன்றுதான்.

அவனுக்கு மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. மனைவி ஊரின் மறுகோடியில் சீருடை தைக்கும் கூடத்தில் இருந்தாள். விடியுமுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். ஐந்தேகாலுக்கு வீடு திரும்புவாள். அவன் வேலை முடிந்து வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். அவன் எழுந்திருக்கும்போது அவள் தையல் மெஷினில் மூன்றாவது சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருப்பாள். வார விடுப்பு அவனுக்குச் செவ்வாய், அவளுக்கு ஞாயிறு; அவனுடைய செவ்வாய் சங்க வேலைக்குப் போகும், அவளுடைய ஞாயிறு கூடுதல் தையலுக்குப் போகும். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் தன் மனைவி முகத்தை அவன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் பார்த்திருந்தான். அழகான முகம்தான், ஆனால் பேசாது.

பேச்செல்லாம் சமையலறையில், அரிசி டப்பாவின் மேல் வைக்கும் சீட்டில் நடந்தது. அவள் சட்டைக்கு அளவு வெட்டிய தாளின் மிச்சத்தில் எழுதுவாள். 'ரசம் அடுப்பு மேல. உங்க பல்லு எப்படி இருக்கு? நேத்து தூக்கத்துல சிரிச்சீங்க, யாரைப் பாத்து?' என்று இருக்கும். அவன் கீழே பதில் எழுதுவான். மறுநாள் அதற்குப் பதில் வரும். ஒரு சண்டை போட்டுச் சமாதானம் ஆவதற்குள் ஒன்பது நாள் ஆகிவிடும்.

காலை ஷிப்டுக்கு மாறிவிட்டால் தீர்ந்தது. ஆறு முதல் இரண்டு வரை வேலை; மாலை முழுக்க வீட்டில். அதற்கு ஆளும் கிடைத்தார். காலை ஷிப்டில் இருந்த இரண்டாம் துணைத் தலைவர் வீட்டில் அவருடைய மச்சான் விருந்தாட வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மச்சான் மாலையானால் பேச ஆரம்பித்து, விளக்கணைக்கும்வரை நிறுத்துவதில்லை. "உன் ஷிப்டை எனக்குக் குடுத்துடு மாப்ளே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று இரண்டாம் துணைத் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். நிலைய மேலாளரும் மறுக்கவில்லை. யார் தட்டினாலும் சக்கரம் ஒன்றுதான், சங்கத்திலிருந்து ஒரு வரி எழுதி வாங்கி வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

மாப்பிள்ளை விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு பொதுச் செயலாளரிடம் போனான். அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'தீர்மானம்'. வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போதாது என்றால்கூட முன்மொழிந்து வழிமொழிந்துதான் சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோழர், உங்க கோரிக்கை நியாயமானது. அதனாலதான் இது கஷ்டம்" என்றார்.

ஷிப்டு மாற்றம் சங்கத்தின் உயிர்நாடி. நான்காவது விதிப்படி ஒன்பது பேரும் நேரில் கூடிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். நிர்வாகம் நினைத்த நேரத்தில் ஆளை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக முன்னோர் போட்ட இரும்பு விதி அது. ஆனால் எந்த நேரம் எடுத்தாலும் மூன்று பேர் ரயிலடியில் இருப்பார்கள்; இரவு ஷிப்டு முடித்தவர்களில் ஓரிருவர் குறட்டையில் இருப்பார்கள். கூட்டத்துக்கு வரக்கூடியவர்கள் அதிகம் போனால் ஐந்து பேர். அன்றும் கூட்டம் நடந்தது, ஐந்து பேர் வந்தார்கள், ஆள் எண்ணிக்கை போதாது, கோரம் இல்லை என்று ஒத்திவைத்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே. பத்து மாதம் போயிற்று. விண்ணப்பம் அவன் சட்டைப்பையிலேயே மடிந்து மடிந்து துணிபோல ஆகிவிட்டது.

பதினோராவது மாதம் தீர்மானம் அவனைத் தோளில் தட்டிக் கூப்பிட்டார். சங்கத்துக்கு ஐம்பது வயதாகிறது, பொன்விழா மலர் போடவேண்டும், வரலாற்றை எழுதவேண்டும். பதவியில் இருப்பவர்கள் வரலாற்றைப் படைப்பவர்கள், அவர்களே எழுதினால் நன்றாக இராது. உறுப்பினர்கள்தான் எழுதவேண்டும். உறுப்பினர்கள் என்றால் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் மாப்பிள்ளைக்கு இருக்கவில்லை. எழுதி முடித்தால் உன் விஷயம்தான் முதல் பொருள் என்று தீர்மானம் வாக்குக் கொடுத்து, அலமாரிச் சாவியையும் கொடுத்தார்.

சங்க அலுவலகம் முன்காலத்தில் விளக்கு வைக்கும் அறையாக இருந்தது. பத்தடிக்குப் பத்தடி. ஒரு மேசை, ஒன்பது நாற்காலி, அந்த அறைக்கு ஓர் ஒலிபெருக்கி. அலமாரியைத் திறந்தால் கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட் புத்தகங்கள் பதினான்கு. மாப்பிள்ளை காலை வேளைகளில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தான். பன்னிரண்டு புத்தகங்களில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: 'கோரம் இல்லாமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.' கையெழுத்து மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருந்தது.

மீதி இரண்டு புத்தகங்களில்தான் வரலாறு கிடைத்தது. ஆரம்பத்தில் அவர்கள் பெரிய சங்கத்தில் இருந்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஊர்வலத்தில் சக்கரம் தட்டுவோரைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார்களாம். மானம் போனபின் வாழ்வெதற்கு என்று நான்கு பேர் வெளியே வந்து தனிச் சங்கம் கண்டார்கள். 'இனி நம்மில் ஒருவரும் இரண்டாவது வரிசையில் நிற்பதில்லை' என்பது முதல் விதி. மறுவாரமே ஊர்வலம் போனார்கள். நான்கு பேரும் முதல் வரிசை. பின்னால் ஒரு நாய் கொஞ்ச தூரம் வந்ததாகக் குறிப்பு இருந்தது.

எட்டாவது ஆண்டில் பெரும் பிளவு. ரயிலின் இடப்பக்கச் சக்கரத்தை முதலில் தட்டுவதா, வலப்பக்கச் சக்கரத்தையா என்று கொள்கைப் போர். ஐந்து பேர் இடம், நான்கு பேர் வலம். இரண்டு சங்கமாகி, அறைக்கு நடுவே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்கள். கோடு மேசை மேலும் ஏறி இறங்கியது. கெட்டில் இடச் சங்கத்திடமும் கோப்பைகள் வலச் சங்கத்திடமும் போய்விட்டன. பதினோரு நாள் ஒருவரும் தேநீர் குடிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் 'கொள்கையை விட்டுக்கொடுக்காமல்' இரு சங்கங்களும் இணைந்தன.

அப்புறம் அந்த மாபெரும் வேலைநிறுத்தம். உட்காருவதற்கு ஒரு பெஞ்சு கேட்டு நடந்தது. ரயில் வரும் நேரத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பதினோரு நிமிடம் நின்றார்கள். ரயில் அன்று நாற்பது நிமிடம் தாமதம். அது வருவதற்குள் கால் வலித்து, சுத்தியலை எடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை இதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதிக் கொண்டுபோனான். தீர்மானம் சிவப்பு மையால் திருத்தினார்.

"தோழர், நீங்க பொய் எழுதலை. அது சந்தோஷம். ஆனா அளவு எழுதிட்டீங்க."

"அளவுன்னா?"

"நாலு பேருன்னு எழுதியிருக்கீங்க. பதினோரு நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. வரலாறு என்ன, துணிக்கடையா? அளந்து குடுக்கறதுக்கு? ரயில் வரலைன்னு எழுதியிருக்கீங்க. நாம நின்னோம், ரயில் வரலை. ரெண்டும் உண்மைதானே? 'நின்னோம், அதனால ரயில் வரலை'ன்னு எழுதுங்க. 'அதனால'ங்கறது ஒரு சின்ன வார்த்தை. சங்கம்னு ஒண்ணு இருக்கறதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்."

அவன் வரலாற்றை மூன்று முறை திருத்தி எழுதினான். நான்காவது பிரதியை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, இதை முடித்தாலும் ஒன்பது பேர் சேரப்போவதில்லை, நாம் இப்படியே சீட்டில்தான் கிழவன் கிழவி ஆகப்போகிறோம் என்று கீழே எழுதினான். மறுநாள் அளவுத்தாளில் பதில் இருந்தது. 'வரலாறு படிச்சேன். நாய்தான் பிடிச்சிருந்தது. கூட்டத்துக்குக் கூப்பிட்டா உங்க ஆளுங்க வரமாட்டாங்க. மலருக்கு அட்டைப்படம்னு சொல்லி போட்டோவுக்குக் கூப்பிடுங்க. விண்ணப்பத்தைப் பையிலயே வச்சிருங்க. சட்டையைத் துவைக்கறப்ப எடுத்து வச்சு, திரும்பப் பையில போட்டுட்டேன், பயப்படாதீங்க.'

அவள் சொன்னது பலித்தது. கோரத்துக்குப் பத்து மாதம் வராதவர்கள் போட்டோவுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்தார்கள். பதினொன்று பத்துக்கு ஒரு ரயில் போனால் அடுத்தது பதினொன்று நாற்பதுக்குத்தான். நடுவில் அரை மணி. காலை ஷிப்டுக்காரர்கள் சுத்தியலோடு வந்தார்கள். இரவு ஷிப்டுக்காரர்கள் கண் சிவக்க, தலை சீவி வந்தார்கள். தலைவருக்கு வயது ஐம்பத்தெட்டு. நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவர். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக ஒன்பது பேரும் முதலாவது நடைமேடையில் ஒன்றாக நின்றார்கள்.

போட்டோக்காரர் நல்ல மனிதர். "அண்ணே, அஞ்சு பேர் முன்னாடி, நாலு பேர் பின்னாடி நில்லுங்க" என்றார்.

ஒன்பது பேரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஓர் அடி பின்வாங்கினார். தீர்மானம் முதல் விதியை எடுத்துச் சொன்னார். ஒரே வரிசைதான். ஒன்பது பேர் ஒரே வரிசையில் நின்றால் படத்துக்குள் அடங்கவில்லை. போட்டோக்காரர் பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். நடைமேடை முடிந்துவிட்டது. கடைசியில் மேம்பாலம் ஏறி இறங்கி, தண்டவாளத்துக்கு அப்பால் இரண்டாவது நடைமேடைக்குப் போய்க் கருவியை நிறுத்தினார். அங்கிருந்து ஒன்பது பேரும் அழகாக அடங்கினார்கள். மூன்றாம் துணைத் தலைவர் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு விவாதம் நடந்து, கழற்றுவதென்று முடிவானது. போட்டோக்காரர் கையைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பதினொன்று நாற்பது ரயில் நடுவில் வந்து நின்றது.

"யாரும் அசையாதீங்க" என்றார் தீர்மானம். "ரயில் போனதும் எடுத்துக்கலாம். வரிசை கலைஞ்சா திரும்பச் சேராது."

யாரும் அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. சக்கரத்தைத் தட்டாமல் ரயில் போகாது. ரயில் போகாமல் படம் எடுக்க முடியாது. படம் எடுக்காமல் அசையக் கூடாது. மாப்பிள்ளைக்கு இது மெல்லப் புரிந்தது. பக்கத்தில் நின்ற பொருளாளரிடம் சொன்னான். பொருளாளர் உதட்டை அசைக்காமல், சிரித்த முகத்தோடு, "செயலாளர் அசையச் சொல்லலியேப்பா" என்றார்.

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஒரு பயணி, இவர்கள் எல்லாம் யாரை வரவேற்க நிற்கிறார்கள் என்று கேட்டார். கார்டு தூரத்திலிருந்து கையை ஆட்டினார். பத்தாவது நிமிடம் நிலைய மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மூவர் சுத்தியலைத் தரையில் ஊன்றியிருக்க, நெஞ்சை நிமிர்த்தி ஒரே வரிசையில் நின்ற ஒன்பது பேரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"என்னய்யா இது? வேலைநிறுத்தமா?"

போட்டோவுக்கு நிற்கிறோம் என்று சொன்னால் காலை ஷிப்டு மூவருக்கும் சம்பளம் வெட்டு, சங்கத்துக்குத் தலைகுனிவு. தீர்மானம் ரயிலைப் பார்த்தார், ஜன்னல் தலைகளைப் பார்த்தார். ஐம்பது வருடத்தில் ஒரு ரயில் தங்களுக்காக நிற்பது இதுதான் முதல் தடவை.

"ஆமா சார்" என்றார். "காலவரையற்றது."

"நோட்டீஸ் குடுக்கலியே?"

"மனக்கொதிப்புக்கு நோட்டீஸ் ஏது சார்?"

"சரிய்யா, கோரிக்கை என்ன? எழுத்துல குடுங்க. மேல இருந்து போன் மேல போன் வருது."

இங்கேதான் சங்கடம் வந்தது. ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோரிக்கை ஒன்றும் கையில் இல்லை. "பெஞ்சு" என்றார் தலைவர் திடீரென்று விழித்து. பெஞ்சு போட்டு முப்பத்தேழு வருடம் ஆகிறது, நேற்று நீங்கள் படுத்திருந்ததே அதில்தான் என்றார் மேலாளர். தலைவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை சட்டைப்பையில் கை விட்டான். துவைத்துத் தேய்த்த சட்டை. அதற்குள் துணிபோல மடிந்த தாள். பிரித்து நீட்டினான். தீர்மானம் அதை வாங்கிப் பார்த்த வேகத்தில், தண்ணீரில் விழுந்தவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தார்.

"இதுதான் சார். உறுப்பினர்களின் நீண்டநாள் கோரிக்கை."

இருங்கள், கோரம் என்று முதல் துணைச் செயலாளர் நினைவூட்டினார். எண்ணினார்கள். ஒன்பது. இன்னொரு முறை எண்ணினார்கள். அப்போதும் ஒன்பதுதான். பொருளாளர் முன்மொழிந்தார். இரண்டாம் துணைத் தலைவர் மச்சானை நினைத்து, மற்றவர் வாய் திறக்குமுன் வழிமொழிந்தார். ஒன்பது கையெழுத்தும் விழுந்ததும் மேலாளர் தாளை மாப்பிள்ளையின் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார். "இதுக்கு நான் போன வருஷமே சரின்னு சொன்னேனேய்யா" என்று அவர் முனகியது யார் காதிலும் விழவில்லை. காலை ஷிப்டுக்காரர்கள் மூவரும் சுத்தியலோடு பாய்ந்தார்கள். இருபத்தாறு நிமிடத் தாமதத்தில் ரயில் புறப்பட்டது.

போட்டோக்காரர் காத்திருந்து அலுத்து, ரயில் நின்றபோதே ஒரு படம் எடுத்திருந்தார். பழைய காலத்துத் தாழ்ந்த நடைமேடை அது. படம் முழுக்க ரயில்தான் இருந்தது. அதன் அடியில், சக்கரங்களுக்கு நடுவே, பதினெட்டுக் கால்கள் ஒரே வரிசையில் தெரிந்தன. அதுதான் அட்டைப்படம் என்று தீர்மானம் சொல்லிவிட்டார். முகம் தெரியாவிட்டால் என்ன, ரயில் நிற்பது தெரிகிறதே. கடைசி அத்தியாயத்தை அவரே வாய்மொழியாகச் சொன்னார். அன்றைய வேலைநிறுத்தம் பதினோரு மாத ரகசியத் திட்டம் என்று அதில் வந்தது. அவர் சொன்னதை மாப்பிள்ளை அப்படியே எழுதிக்கொண்டான். ஷிப்டு மாறிவிட்டது, இனி யார் எதைச் சொன்னால் என்ன?

முதல் நாள் காலை ஷிப்டு முடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, மனைவிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கரைக்கு ஆள் வந்தது. ஐந்தரைக்கு வெற்றி விழாக் கூட்டம். உறுப்பினர்கள் இல்லாமல் நடத்த முடியாது. மறுநாள் வெற்றி விளக்கக் கூட்டம். மூன்றாம் நாள் பாராட்டுக் கூட்டம். நான்காம் நாள் பாராட்டுக்கு ஏற்புரை. ஐந்தாம் நாள், ஏற்புரையில் விட்டுப்போன பெயர்களுக்கு வருத்தம் தெரிவிக்கும் கூட்டம். ஒவ்வொன்றும் ஒன்பது மணி தாண்டியது. அவன் வீடு திரும்பும்போது அவள் தூங்கிப்போயிருந்தாள். அரிசி டப்பா மேல் ஒரே ஒரு வரி இருந்தது. 'இதுக்கு அந்த ரெண்டு மணி ஷிப்டே தேவலை.'

ஆறாம் நாள் தீர்மானம் பேச்சின் உச்சத்தில் இருந்தபோது அவள் நேரே தையல் கூடத்திலிருந்து உள்ளே வந்தாள். கழுத்தில் அளவுநாடா அப்படியே தொங்கியது. மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவையோர் எண்ணிக்கை ஒரே நொடியில் இரட்டிப்பானதைக் கண்டு தீர்மானத்துக்கு உற்சாகம் பீறிட்டது.

"தாய்மார்களும் திரண்டு வந்திருக்கீங்க" என்றார். "ஒரு தொழிலாளிக்கு என்ன வேணும்? ஒரு மாலைப்பொழுது வேணும். வீட்டுல மனைவியோட உக்காந்து நாலு வார்த்தை பேச ஒரு மாலைப்பொழுது. அதை யார் வாங்கித் தந்தா? இந்தச் சங்கம் வாங்கித் தந்தது. அந்த நன்றியை மறக்கலாமா? அதுக்காகத்தான் இனிமே தினம் மாலையில நாம இங்க கூடணும்னு முன்மொழியறேன்."

அவள் நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டாள். தீர்மானம் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் எழுந்து போய் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள்.

"தலைவர் அவர்களுக்கு நன்றி. பொதுச் செயலாளர் அவர்களுக்கு நன்றி. நாற்காலி போட்டவங்களுக்கு நன்றி, தேநீர் குடுத்தவங்களுக்கு நன்றி. எங்க வீட்டுக்காரரை அனுப்பி வைக்கப் போற எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூட்டம் இத்துடன் நிறைவடையுது. வணக்கம்."

நன்றியுரை முடிந்தால் எழுந்து நிற்கவேண்டும். ஐம்பது வருடப் பழக்கம் காலில் ஊறிப்போயிருந்தது. தலைவர் தூக்கத்திலேயே எழுந்தார். துணைத் தலைவர்கள் எழுந்தார்கள். பொருளாளர் கை தட்டிவிட்டு நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். ஒருவர் விளக்கை அணைத்தார். கையில் இன்னும் பதினேழு பக்கத்தோடு நின்ற தீர்மானமும், என்ன நடக்கிறது என்று யோசிக்குமுன், கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை தணிந்த குரலில், நன்றியுரை இரண்டாம் துணைச் செயலாளர்தான் சொல்லவேண்டும், விதி இருக்கிறது என்றான்.

"அப்ப திரும்பிப் போய் உக்காருங்க" என்றாள் அவள்.

அவன் இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தான். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அவர்கள் தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் தெரு அப்படி இருக்கும் என்பதே அவனுக்குப் புதிது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். மெஷின் ஊசி உடைந்தது, மேற்பார்வைக்காரி முறைத்தது, ரசத்துக்குப் புளி வாங்கவேண்டியது என்று மூச்சுவிடாமல் பேசினாள். சீட்டில் எழுதினால் இரண்டு மாதத்துக்கு வந்திருக்கும்.

மூன்றாவது வீட்டு அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரும்மா இவரு, சொந்தக்காரரா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருதான், அக்கா" என்றாள் அவள். "இன்னைக்குத்தான் வந்தாரு."